ரிசப்ஷன் டி.ஜே. செட்: எதில் பணத்தைப் போடலாம், எதில் வேண்டாம்

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். 300, 400 பேர் உட்காரும் கல்யாண மண்டபம். ரிசப்ஷனில் மேடைக்கு மெல்லிசாகப் பாட்டு, போட்டோ வரிசை ஓய்ந்ததும் மாப்பிள்ளையின் நண்பர்களும் பெண்ணின் சித்தப்பா பசங்களும் ஒரு மணி நேரம் ஆட வேண்டும். செட் மொத்தமும் ஒரே குட்டியானையில் ஏற வேண்டும், இறக்கி மாட்ட இரண்டே ஆள். இந்த அளவுக்குப் பொருந்துகிற சவுண்டையும் லைட்டையும் பற்றித்தான் எழுதுகிறேன். திருவிழாவுக்கு லாரியில் பாக்ஸ் அடுக்குகிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது, அவர்கள் உலகம் வேறு.

திண்டுக்கல் பக்கம் நானும் மச்சானும் இதே தொழிலாக இருக்கிறோம். விலை எதுவும் எழுதப் போவதில்லை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது, நான் சொன்ன எண்ணைக் காட்டி நீங்கள் கடையில் சண்டை போட வேண்டியிருக்கும்.

என் கணக்கு இது: கையில் இருக்கிற பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு, அடுத்தது மைக்குக்கும் கரன்ட் வயரிங்குக்கும், மிச்சம் இருப்பது லைட்டுக்கு. புதிதாக வருகிற தம்பிகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் போட ஷார்பிதான் (மெல்லிய பீம் அடிக்கிற சுழலும் லைட்) அழகு என்பதால் முதல் பணம் அங்கே போய்விடுகிறது, மைக் மட்டும் கடைக்காரர் கொசுறாகக் கொடுத்ததாக இருக்கும்.

ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது வாட்ஸ். "சார், இது 5000 வாட்ஸ் சார், மண்டபமே அதிரும்" என்பார்கள். அது எந்த 5000 என்று கேளுங்கள். பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் அந்த எண்ணை அங்கேயே மறந்துவிடலாம், அதற்கு ஒழுங்கான அளவுமுறையே கிடையாது. பீக் என்பது கண நேரம் தாங்குவது, ஆர்.எம்.எஸ். என்பது தொடர்ந்து கொடுப்பது. நல்ல கம்பெனிகளும் பீக்கைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன, ஜே.பி.எல். ஈயான் 715 பெட்டியில் 1300 வாட்ஸ் என்று இருப்பது பீக், ஆர்.எம்.எஸ். 650. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, இரண்டும் தாளில் இருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. அதைவிட முக்கியம், வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஆக 800-ஆ 1000-மா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை. தாளில் மேக்ஸிமம் எஸ்.பி.எல். (பெட்டி கொடுக்கக்கூடிய அதிகபட்சச் சத்தம்) என்று ஒரு டெசிபல் எண் இருக்கும், அதையும் எடையையும் பாருங்கள், போதும்.

எடை என்று நான் சும்மா சொல்லவில்லை. நாங்கள் ஓட்டுவது யமஹா டி.பி.ஆர். 12, ஒரு ஜோடி. ஒன்று 15.8 கிலோ, தாளில் 131 டெசிபல். அதே வரிசையில் 15 அங்குலக்காரன் 19.3 கிலோ, 132 டெசிபல். ஒரே ஒரு டெசிபலுக்கு மூன்றரை கிலோ கூடுதல். மண்டபம் மாடியில், லிஃப்ட் முழுக்கக் கேட்டரிங் அண்டா, நீங்கள் படியில் தூக்கிப் போய் ஸ்டாண்டில் தலைக்கு மேல் ஏற்றி அந்தக் கம்பியைச் சரியாக ஓட்டையில் இறக்கும்போதுதான் அந்த மூன்றரை கிலோ என்ன என்று தெரியும், அதுவும் ராத்திரி 11 மணிக்கு இறக்கும்போது. என் யோசனை: தனியாக சப்-வூஃபர் (அடிச்சத்தத்துக்கு, அதாவது பேஸுக்கு மட்டும் உள்ள பெட்டி) வாங்கப் போகிறீர்கள் என்றால் மேலே 12 அங்குலம் போதும். சப் வாங்குவதாக இல்லை, இரண்டே ஸ்பீக்கரில் ஓட்ட வேண்டும் என்றால் 15 எடுங்கள், அடிச்சத்தம் கொஞ்சம் கூடவே வரும். பேசுகிற குரலுக்கு இந்த டி.பி.ஆர். ரொம்பத் தெளிவு. பின்னால் டி-கான்டூர் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, மெயினில் போட்டால் அடிச்சத்தமும் கூர்ச்சத்தமும் தூக்கிக்கொண்டு பாட்டு ஜொலிக்கும். எதிரொலி அடிக்கிற மண்டபத்தில் மாமா வாழ்த்துரை படிக்கிற நேரத்தில் அதை ஆஃப் செய்துவிடுவது நல்லது. குறை என்றால், புளூடூத் கிடையாது. எனக்கு அது குறையில்லை.

ஏன் இல்லை என்றால், ஈயான் 715-இல் புளூடூத் இருக்கிறது, போன் ஆப்பில் டோன் எல்லாம் மாற்றலாம், பிறந்தநாள் விழாவுக்கு மிக்ஸரே இல்லாமல் ஒரே ஸ்பீக்கரைத் தூக்கிப் போகிறவருக்கு அருமையான பெட்டி. ஆனால் வாடிக்கையாளருக்கு அது தெரிந்துவிட்டால் "அண்ணே, என் போன்ல இருந்து ஒரே ஒரு பாட்டு" என்று ஆரம்பிப்பார்கள், பாட்டு நடுவில் அந்தப் போனுக்கு லோன் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்து ரிங்டோன் மண்டபம் முழுக்கக் கேட்கும். சத்தத் தரத்தில் இரண்டுக்கும் பெரிய சண்டை இல்லை. ஈயானில் அடி கொஞ்சம் கூடுதல், டி.பி.ஆரில் குரல் கொஞ்சம் முன்னால். எது உங்கள் ஊரில் சர்வீஸ் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

தச்சர் செய்து கொடுக்கிற பிளைவுட் பாக்ஸ், தனி ஆம்ப்ளிஃபயர் என்று போவதா, இல்லை இந்த மாதிரி உள்ளேயே ஆம்ப் வைத்த ஆக்டிவ் பெட்டியா என்பது எங்கள் வட்டாரத்தில் இன்னும் முடியாத வழக்கு. பாக்ஸ் கட்சிக்கு நியாயம் உண்டு. காயில் எரிந்தால் அதே ஊரில் அன்றைக்கே கோன் மாற்றித் தந்துவிடுவார்கள், ஆக்டிவ் பெட்டியில் போர்டு போனால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அந்த முகூர்த்த மாதத்துக்கு வாடகை ஸ்பீக்கர்தான். ஆனால் பாக்ஸ் செட்டில் ஆம்ப், கிராஸ்ஓவர் (அடிச்சத்தத்தையும் கூர்ச்சத்தத்தையும் பிரித்து அனுப்புவது), ஸ்பீக்கர் மூன்றையும் பொருத்துகிற பொறுப்பு உங்கள் தலையில். ஆம்ப் சிவப்பு விளக்கு எரிய எரிய ஓட்டினால் முதலில் போவது ட்வீட்டர் (கூர்ச்சத்தம் கொடுக்கிற சின்ன ஸ்பீக்கர்) டயாப்ரம்தான். சின்ன ஆம்ப் பெரிய ஸ்பீக்கரை எரிக்காது என்று நினைக்கிறவர்கள் நிறைய, கிளிப் ஆன, அதாவது சக்திக்கு மேல் ஓட்டிச் சத்தம் வெட்டுப்பட்ட ஆம்ப் எதையும் எரிக்கும். ஆக்டிவ் பெட்டிக்குள் அளவு மீறாமல் சத்தத்தைப் பிடித்து நிறுத்துகிற லிமிட்டர் உட்கார்ந்திருக்கிறது, ஆட்டக்காரர்கள் "இன்னும், இன்னும்" என்று கத்தும்போது அதுதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றுவது. இரண்டு ஆள் டீமுக்கு நான் ஆக்டிவ்தான் சொல்வேன்.

அகூஜா கம்பெனி ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள் அதையே டி.ஜே.வுக்கும் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். அந்தச் செட் செய்யப்பட்டதே பேச்சுக்கும் தூரத்துக்கும். 100 வோல்ட் லைனில் தெரு முழுக்க ஹார்ன் கட்டி அறிவிப்பு செய்ய அதற்கு ஈடு இல்லை, கரடுமுரடாக அடித்தாலும் தாங்கும். ஆட்டப் பாட்டுக்கு அடிச்சத்தம் வேண்டும், ஹார்னில் அது வரவே வராது. அதைத் தெருவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சப்-வூஃபர் ஒன்றா இரண்டா? 400 பேர் மண்டபத்துக்கு 15 அல்லது 18 அங்குலத்தில் ஒரு நல்ல ஆக்டிவ் சப் போதும். இரண்டு வாங்கினால் இடது வலது என்று பிரித்து வைக்காதீர்கள், இரண்டையும் ஒட்டி ஒரே இடத்தில் வையுங்கள். பிரித்து வைத்தால் நடுக்கோட்டில் நிற்பவனுக்கு நெஞ்சு அதிரும், நான்கு அடி தள்ளி நிற்பவனுக்கு ஒன்றுமே இருக்காது, அவன் வந்து "அண்ணே, பேஸ் பத்தல" என்பான், நீங்கள் ஏற்றுவீர்கள், நடுவில் இருக்கிற பாட்டி எழுந்து போய்விடுவார். ஒட்டி வைத்தால் ஒன்றுக்கொன்று கைகொடுத்து 6 டெசிபல் வரை ஏறும். ஸ்டாண்டில் நிற்கிற டாப் ஸ்பீக்கரின் பின்னால் அடிச்சத்தத்தை வடிகட்டுகிற ஹெச்.பி.எஃப். சுவிட்ச் இருந்தால் 100 ஹெர்ட்ஸிலோ 120 ஹெர்ட்ஸிலோ போட்டுவிடுங்கள், அடிச்சத்தச் சுமையெல்லாம் சப்புக்குப் போய்விடும், டாப்பில் குரல் சுத்தமாகும். இந்தச் சுவிட்சை யாரும் தொடுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

கடையில் கேட்டுப் பார்த்து வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, டெமோ ரூம் என்பது அட்டைப்பெட்டி நெருங்க அடுக்கிய சின்ன அறை, அந்தப் பெட்டிகளே எதிரொலியைத் தின்றுவிடும், அங்கே எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். நம் மண்டபம் கிரானைட் தரை, டைல்ஸ் சுவர், கான்கிரீட் கூரை. அதில் கைதட்டினால் தட்டி முடித்த பிறகும் சத்தம் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் உங்கள் போனில் ஒரு ஆள் தமிழில் பேசுகிற பதிவை எடுத்துப் போங்கள், பாட்டை விட்டுவிட்டு அதைப் போடச் சொல்லுங்கள். 'ச', 'ஷ' எல்லாம் காதைக் குத்துகிறதா, சொல் முடிவு விழுங்கப்படுகிறதா என்று பாருங்கள். பேச்சு தெளிவாக வருகிற பெட்டியில் பாட்டு கெட்டுப்போகாது, பாட்டு பிரமாதமாக வருகிற எத்தனையோ பெட்டியில் பேச்சு கொழகொழவென்று வரும். மண்டபத்தில் வைக்கும்போது ஸ்டாண்டை நன்றாக உயர்த்தி, ஆடுகிறவர்கள் தலைக்கு மேலே கொண்டுபோய், பின்சுவரைப் பார்த்து ஊதாமல் ஆட்கள் மேல் விழுகிற மாதிரி உள்நோக்கித் திருப்புங்கள். தரையில் வைத்தால் முதல் வரிசைக்குச் செவிடு, கடைசி வரிசைக்கு ஒன்றும் இல்லை.

லேப்டாப்பில் இருக்கிற பாட்டை ஓட்டிக் கலக்குகிற கன்ட்ரோலர் விஷயத்தில் அதிகம் சொல்ல இல்லை. பயனியர் டி.டி.ஜே. எஃப்.எல்.எக்ஸ். 4 இந்த வேலைக்குத் தாராளம். இரண்டு சேனல், ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ என்ற டி.ஜே. சாஃப்ட்வேர் இரண்டிலும் ஓடும், யு.எஸ்.பி. கரன்ட்டே போதும் என்பதால் மண்டபத்தில் கரன்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் அதுபாட்டுக்கு இருக்கும். ஒரே வருத்தம், மெயின் அவுட் ஆர்.சி.ஏ. (டி.வி.யில் மாட்டுகிற சிவப்பு வெள்ளைப் பிளக்) மட்டும், எக்ஸ்.எல்.ஆர். (மைக் வயரில் இருக்கிற மூன்று பின் பிளக்) கிடையாது. அதிலிருந்து நேராக நீள வயர் இழுத்து ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் வழியில் லைட் வயர், ஃபேன் வயர் எல்லாவற்றின் இரைச்சலையும் பொறுக்கிக்கொண்டு வரும். பக்கத்திலேயே மிக்ஸரை வைத்து, குட்டை ஆர்.சி.ஏ. வயரில் மிக்ஸருக்குள் கொடுத்து, அங்கிருந்து எக்ஸ்.எல்.ஆரில் ஸ்பீக்கருக்குப் போங்கள். மிக்ஸருக்கு யமஹா எம்.ஜி. 10 எக்ஸ்.யு. எடுத்தோம், மைக் நான்கு மாட்டலாம், எக்கோ எஃபெக்ட் உள்ளேயே இருக்கிறது, கம்ப்ரஸர் ஒரே குமிழ். மெதுவாகப் பேசுகிற தாத்தாவுக்கும் கத்துகிற மைத்துனனுக்கும் அந்த ஒரு குமிழ் போதும். பாட்டுகளை ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள், மண்டபத்துக்குள் நெட்வொர்க் வராது. வாட்ஸப்பில் கைமாறி வந்த பாட்டை இந்த ஸ்பீக்கரில் போட்டால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.

மைக்குக்கு வருகிறேன். டி.ஜே. என்றால் பாட்டு என்று நாம் நினைக்கிறோம், பணம் கொடுக்கிற பெண்ணின் அப்பாவுக்கு டி.ஜே. என்றால் மைக். அவர் நன்றி சொல்லும்போது மைக் கூவினால் நீங்கள் போட்ட அத்தனை பாட்டும் வீண். வயர் மைக் என்றால் ஷூர் எஸ்.எம். 58, வேறு யோசனையே வேண்டாம். 1966-இல் வந்த மாடல், இன்றைக்கும் மேடையில் அதுதான், கீழே விழுந்து வலை நசுங்கினால் வலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இதற்குப் போலி ஏராளம், பெட்டி, ஸ்டிக்கர், பை எல்லாம் அப்படியே இருக்கும், விலை மட்டும் பாதி. அந்த விலையில் ஒரிஜினல் வராது என்று தெரிந்துகொண்டால் போதும், வேறு ஆராய்ச்சி தேவையில்லை. பில் தருகிற அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் வாங்குங்கள்.

வயர்லெஸ் கண்டிப்பாக வேண்டும், ஒரு ஜோடி. யு.ஹெச்.எஃப். அலைவரிசையில் ஓடுவதை எடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிற மலிவு மைக் வீட்டில் அழகாக வேலை செய்யும், 400 பேர் சட்டைப்பையில் போன் இருக்கிற மண்டபத்தில், பக்கத்திலேயே வீடியோக்காரர் வேறு வயர்லெஸ் போட்டிருக்கும்போது, விட்டுவிட்டுப் பேசும். ரிசீவரை மேடை ஓரத்தில், கண்ணுக்கு மைக் தெரிகிற இடத்தில் வையுங்கள், இரும்பு ரேக்குக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். பேட்டரி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிது, அதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

அப்புறம் ஒரு ஆள் கண்டிப்பாக வருவார். மாப்பிள்ளையின் நண்பன், ராப் பாடுகிற மாதிரி மைக்கின் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பான். இந்த மைக்குகள் முன்னால் வருவதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் வருவதைத் தள்ளுவதற்குக் காரணமே அந்த வலைக்குக் கீழே இருக்கிற திறப்புகள்தான், அதைக் கையால் அடைத்தால் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் எடுக்க ஆரம்பிக்கும், அடுத்த நொடி 'ஊஊ' என்று கூவும். அவனே ஸ்பீக்கருக்கு முன்னால் வந்து நின்று ஆடினால் இன்னும் சிறப்பு. "தம்பி, கீழே பிடிச்சுப் பாடுப்பா" என்று சொல்லிப் பார்க்கலாம், கேட்க மாட்டான். அந்தச் சேனலில் ஹையையும் மிட்டையும் கொஞ்சம் இறக்கி, விரலை ஃபேடரில் வைத்துக்கொண்டு நிற்பதுதான் வழி.

கரன்ட்டைப் பற்றி எந்த விமர்சனத்திலும் எழுத மாட்டார்கள், தொழிலில் பணம் போகிற இடம் அதுதான். மண்டபத்துக்கு வருவது மூன்று ஃபேஸ். நியூட்ரல் எங்காவது லூசாக இருந்து கழன்றுவிட்டால் ஒரு ஃபேஸில் இருக்கிற சாமான்களுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கிப் போகும், அந்த லைனில் மாட்டியிருக்கிற ஸ்பீக்கர், மிக்ஸர், லைட் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். முகூர்த்த நாளில் ஏ.சி., சமையல்கட்டு கிரைண்டர், சீரியல் லைட் எல்லாம் ஒன்றாக ஓடும்போதுதான் லூஸ் கனெக்ஷன் சூடேறிக் கழலும். ஆகவே ஒரு மல்டிமீட்டர், ஓவர் வோல்ட்டேஜ் கட் வைத்த ஒரு பவர் பாக்ஸ், இரண்டும் ஷார்பிக்கு முன்னால் வாங்க வேண்டிய சாமான். மாட்டுவதற்கு முன்னால் பிளக்கில் வோல்ட்டேஜ் பாருங்கள், எர்த் இருக்கிறதா பாருங்கள், மண்டப எலக்ட்ரீசியன் "எல்லாம் சரியா இருக்கு சார்" என்பார், சிரித்துக்கொண்டே மீட்டரை வையுங்கள். இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், மைக்கைப் பிடிக்கிறவர் உதட்டில் ஷாக் அடிக்கும். லேப்டாப் சார்ஜர் மாட்டினால் மட்டும் இரைச்சல் என்றால் இடையில் அந்த இரைச்சலைத் துண்டிக்கிற டி.ஐ. பாக்ஸோ ஐசொலேட்டரோ போட்டால் தீர்ந்தது.

16 ஆம்பியர் பிளக் ஒன்றில் ஏறக்குறைய 3600 வாட்ஸ் வரை இழுக்கலாம். அதில் 1500 வாட்ஸ் ஸ்மோக் மெஷின் ஒன்றே ஆறரை ஆம்பியர் தின்றுவிடும், அதுவும் ஹீட்டர் அணைந்து அணைந்து எரிகிறது என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு தூக்கு. ஆகவே ஸ்மோக் மெஷினுக்கு எப்போதும் வேறு பிளக். சவுண்டும் லைட்டும் வேறு வேறு லைனில் இருந்தால் இன்னும் நல்லது. ஜெனரேட்டருக்கு மாறுகிற சில நொடிகளில் மிக்ஸர் அணைந்து எழும், ஆக்டிவ் ஸ்பீக்கர் 'டொம்' என்று தட்டும். மிக்ஸருக்கும் வயர்லெஸ் ரிசீவருக்கும் மட்டும் கம்ப்யூட்டர் யு.பி.எஸ். ஒன்று வைத்துக்கொண்டால் போதும்.

இனி லைட். ஷார்பி என்பது கிளே பாக்கி என்ற இத்தாலிக் கம்பெனியின் ஒரு மாடல் பெயர், 2010-இல் வந்தது, இப்போது நம் ஊரில் மெல்லிய பீம் அடிக்கிற எல்லா மூவிங் ஹெட்டுக்கும் (தலை சுழலும் லைட்) அதே பெயர்தான். பெரிய மைதானத்தில், இருட்டில், புகை நடுவே அது அடிக்கிற அழகே தனி, இல்லை என்று சொல்லவில்லை. தாழ்ந்த கூரை மண்டபத்தில் அந்தப் பீமுக்கு ஓட இடமே இல்லை, கூரையில் ஒரு வெள்ளைப் பொட்டாகப் போய் நிற்கும், இறக்கினால் பந்தி முடித்து வருகிறவர் கண்ணில் அடிக்கும். போதாக்குறைக்கு உள்ளே இருப்பது டிஸ்சார்ஜ் பல்பு. கரன்ட் ஒரு நொடி போய் வந்தாலும் உடனே எரியாது, ஆறிய பிறகுதான் திரும்பப் பிடிக்கும், அந்த நிமிடங்களில் ஆட்டக்காரர்கள் உங்களைத்தான் பார்ப்பார்கள். பல்பு ஆயுளும் எண்ணிய மணி நேரம்தான். மூவிங் ஹெட் வேண்டும் என்றால் எல்.இ.டி. வைத்த சின்ன ஸ்பாட் ஒரு ஜோடி எடுங்கள், எடையும் குறைவு, கரன்ட் வந்ததும் எரியும்.

உண்மையில் மண்டபத்தின் முகத்தை மாற்றுவது எல்.இ.டி. பார்தான் (பரவலாகக் கலர் அடிக்கிற லைட்). 54 பல்பு, 3 வாட்ஸ் என்று எல்லாக் கடையிலும் கிடைக்கிற அந்த வட்டப் பார், எட்டு எடுத்தால் நான்கை மேடைக்கும் நான்கை ஆடுகிற இடத்துக்கும் வைக்கலாம். வெறும் சிவப்பு பச்சை நீலம் மட்டும் உள்ளதை எடுக்காதீர்கள், வெள்ளையும் சேர்ந்த ஆர்.ஜி.பி.டபிள்யூ. எடுங்கள், ஆம்பரும் இருந்தால் உத்தமம். பச்சையோ நீலமோ முகத்தில் நேராக விழுந்தால் மணப்பெண் காய்ச்சலில் இருப்பவர் மாதிரி தெரிவார், அரக்குப் பட்டு நீல வெளிச்சத்தில் கறுப்பாகிவிடும். அந்தப் புடவையை எடுக்க அந்த அம்மா எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பார். மேடைக்கு மங்கிய மஞ்சள் வெள்ளை, கலர் எல்லாம் பின் துணிக்கும் தரைக்கும்.

பார் வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. லைட்டைப் பாதி வெளிச்சத்துக்கு இறக்கச் சொல்லி, உங்கள் போன் கேமராவில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். மலிவு பார்கள் வெளிச்சத்தைக் குறைப்பதே படுவேகமாக அணைத்து அணைத்து எரிவதால்தான், அந்த வேகம் போதவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் கறுப்புப் பட்டை பட்டையாக ஓடும். அந்தக் கல்யாணத்தில் மிஞ்சப் போவது வீடியோதான், வீடியோக்காரர் "லைட்டுக்காரன் கெடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், அவர் சொல்வதில் தப்பும் இல்லை.

லைட் கன்ட்ரோலருக்கு, 192 சேனல் டி.எம்.எக்ஸ். (வயர் வழியாக லைட்டுகளுக்குக் கட்டளை அனுப்புகிற முறை) பலகை ஒன்று எல்லாக் கடையிலும் உண்டு. 12 லைட், ஒவ்வொன்றுக்கும் 16 சேனல், 240 சீன் சேமிக்கலாம், இந்த அளவு வேலைக்கு அதற்கு மேல் தேவையே வராது. ஒவ்வொரு பாருக்கும் பின்னால் அட்ரஸ் (அதன் முதல் சேனல் எண்) போட வேண்டும், 7 சேனல் பார் என்றால் முதலாவது 1, அடுத்தது 8, அடுத்தது 15 என்று. இதை மார்க்கரில் பார் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். சும்மா கிடக்கிற மைக் வயரையே டி.எம்.எக்ஸுக்கு ஓட்டுகிறவர்கள் நிறைய, குட்டைத் தூரத்துக்கு ஓடும், தூரம் கூடினால் லைட்டுகள் தானாகத் துள்ளும். அதற்கென்று உள்ள வயரைப் போட்டு, கடைசி லைட்டில் 120 ஓம் டெர்மினேட்டர் ஒன்றைச் செருகினால் துள்ளல் நின்றுவிடும். அது ஒரு எக்ஸ்.எல்.ஆர். பிளக், உள்ளே ஒரு ரெசிஸ்டர், நீங்களே பற்றவைத்துக்கொள்ளலாம். மேடை லைட்டைச் சவுண்ட் மோடில் விடாதீர்கள், தாலிச்செயின் போடுகிற நேரத்தில் யாரோ கைதட்டினால் டிஸ்கோ ஆகும்.

லேசர் வேண்டாம். கடைகளில் மலிவாகக் கிடைக்கிற பச்சை லேசரில் உண்மையான சக்தி எவ்வளவு என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப முடியாது, ஆட்கள் கண் மட்டத்தில் அடித்தால் கண்ணுக்கு ஆபத்து, கேமரா சென்சாரில் நேராக விழுந்தால் சென்சார் போகும். கேமராக்காரருக்கு நீங்கள் பதில் சொல்ல முடியாது. ஸ்மோக்கும் ஏ.சி. மண்டபத்தில் அளவோடுதான். புகை அலாரம் வைத்த புது மண்டபம் என்றால் மேனேஜரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், முன்வரிசையில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் எப்போதும் இருப்பார். மெல்லிசாகப் பரவுகிற ஹேஸ் மெஷின் நல்லது, விலைதான் கூடுதல்.

நேரம். ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-இல் வந்த ஒலி மாசு விதி, உச்ச நீதிமன்றம் 2005-இல் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. மூடிய மண்டபத்துக்குள் வேறு கணக்கு, ஆனால் அங்கும் உள்ளே கேட்க மட்டும்தான் அனுமதி, வெளியே கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுவார், போலீஸ் வரும். வாசலில், திறந்த புல்வெளியில் கேட்கிறார்கள் என்றால் முன்பணம் வாங்கும்போதே 10 மணிக்கு நிறுத்துவேன் என்று சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் முகூர்த்த நாளில் போட்டோ வரிசை எட்டரைக்கு முன்னால் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

பழைய சாமான் வாங்கலாமா என்றால், ஸ்டாண்ட், வயர், மிக்ஸர், எஸ்.எம். 58 எல்லாம் தாராளமாக வாங்கலாம். பழைய ஆக்டிவ் ஸ்பீக்கர் என்றால் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பாட்டை நிறுத்திக் காதை ட்வீட்டர் பக்கம் வைத்து இரைச்சலைக் கேளுங்கள், இரண்டு பெட்டியிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். வூஃபரின் (அடிச்சத்தம் கொடுக்கிற பெரிய ஸ்பீக்கர்) கோனை இரண்டு கையாலும் சமமாக மெல்ல அழுத்துங்கள், கரகரவென்று உரசினால் காயில் எரிந்தது, விட்டுவிடுங்கள். ஸ்டாண்ட் குழாய் நுழைகிற ஓட்டையைச் சுற்றி வெடிப்பு இருந்தால் எவ்வளவு இறக்கிக் கொடுத்தாலும் வேண்டாம், ஆட்கள் தலைக்கு மேலே நிற்கப் போகிற பெட்டி அது. பழைய பீம் லைட் மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பல்பு எத்தனை மணி ஓடியது என்று மெனுவில் இருக்கும், அதை அழித்துப் பூஜ்யமாக்கிவிட்டு விற்கிறார்கள்.